இருபத்திரண்டு மீட்டர்

பதில் எழுத்தில் வந்தது.
‘நெல்லிக்கொல்லி ஓடையின் குறுக்கே
இருபத்திரண்டு மீட்டர் நடைபாலம்
கட்டி முடிக்கப்பட்டு
பொதுமக்கள் பயன்பாட்டில் உள்ளது.’

பரிமளகாந்தி அக்கா இரண்டு தடவை வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மூன்றாவது தடவையும்.
“டேப் இருக்கா?” என்றார்.
கூடலூர் பஜாரில் முப்பது மீட்டர் டேப் வாங்கினேன்,
கூடவே அட்டைக்குப் பொடியுப்பு.

ஆனி மழை.
ஜீப் நின்ற இடத்திலிருந்து தேயிலைக்குள் ஒரு மைல்.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
முன்னால் போனார் எம்.எல்.ஏ.
லயத்தில் பிறந்த கால்கள்.
எனக்குத்தான் வழுக்கியது.

ஓடை சாயத் தண்ணீர் நிறத்தில் இரைந்தது.
குறுக்கே இரண்டு பாக்குமரம்,
பிடிக்க ஒரு மூங்கில்.
மாதியின் மகன் டேப்பின் நுனியைப் பல்லில் கடித்தபடி
பள்ளிப் பையோடு அக்கரைக்குப் போனான்.
இழுத்துப் பிடித்து வாசித்தேன்.
இருபத்திரண்டு.

யாரோ வந்து ஒழுங்காகத்தான் அளந்திருக்கிறார்கள்.
அளவு இருக்கிறது.
பாலம்தான் இல்லை.

இக்கரையில் மாதி ஒரு கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள்.
நுரையை வழித்துவிட்டுப் பார்த்தால்
அடிக்கல்.
ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி,
அப்போது எங்கள் ஆட்சி.
பெயர் வரிசையில் கடைசியாக
ஒன்றியக் கவுன்சிலர் பரிமளகாந்தி.
ஓடையை மட்டும் போட்டோ எடுக்கலாமே என்று
கொஞ்சம் தள்ளி நின்றேன்.
“கல்லும் விழணும்” என்றார்.

திரும்பும்போது ஜீப்பில் ஒத்திகை.
சபையில் பொய் சொல்லக் கூடாது.
அதாவது, ‘பொய்’ என்ற சொல்லை.
‘உண்மைக்கு மாறானது’ என்றால் நிற்கும்.
நாடுகாணி வளைவு வரை அதையே சொல்லிப் பார்த்தார்,
பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்வதுபோல.

அன்றைக்கு ஆபீசில் கரண்ட் இல்லை.
மாதியும் இன்னும் நாலு பேரும்
என் போனைச் சுற்றி நின்றார்கள்.
அக்காவின் குரல் சளிபிடித்து வந்தது.
முதலில் கல்லைச் சொன்னார்.
“அதில் என் பெயரும் இருக்கிறது.
நாங்களும் கட்டவில்லை.”
ஆளுங்கட்சி வரிசையில் மேசை அதிர்ந்தது.
அவர் பக்கத்து வரிசையில் ஒருவரும் இருமக்கூட இல்லை.
தட்டி ஓயும்வரை காத்திருந்தார்.
“நாங்கள் அடிக்கல்லோடு நின்றோம்.
நீங்கள் கட்டியதாகவே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.
அமைச்சர் அந்தப் பாலத்தில் என்றைக்கு நடந்தார்?
எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு?”
“உட்காருங்கள்.”
“பேரவைத் தலைவர் அவர்களே, இது”
வாய்ப்பாடு மறந்துபோனது.
“பொய்.”

மைக் நின்றது.
அந்த ஒரு சொல்
அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.
ஆக, குறிப்பின்படி இன்று
பாலம் உண்டு.
பொய் இல்லை.

ஆவணியில் ஓடைக்கரைக்கு ஒரு தகரப் பலகை வந்தது.
‘பாலம் பழுதுபார்க்கும் பணி நடைபெறுகிறது.
மதிப்பீடு பதினொரு லட்சம்.
மாற்று வழியில் செல்லவும்.’
மாதிக்கு வாசித்துக் காட்டினேன்.
“மாத்து வழின்னா எது?”
நான் பாக்குமரத்தைப் பார்த்தேன்.
அவள் சிரித்தாள்.
சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.
திட்டியிருக்கலாம்.

பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.
ராத்திரி பதினொன்றரைக்கு
எம்.எல்.ஏ. விடுதியிலிருந்து போன்.
“எழுதிக்கோ.
மாண்புமிகு ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் அவர்கள்
கீழ்க்கண்டவற்றைத் தெரிவிப்பார்களா:
அ, மேற்படி பாலத்தில் பழுதான பகுதி எது;
ஆ, அது தற்போது எங்கே இருக்கிறது;
இ, இருக்கிறது எனில்”

அங்கே நிறுத்தினார்.
தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.
மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
இங்கே எங்கள் கூரையில் மழை.

“டேப்பைத் துடைச்சு வை,” என்றார்,
“துருப்பிடிச்சிடும்.”